நாங்கள் வெட்டிய குழி

1

போன மாதம் எங்கள் ஊர்த் திருச்சபையில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் என்று கை தானாக எழுதிவிட்டது. நான் சொல்வது அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழையும் காற்றும் மாறி மாறி அடிக்கிற ஒரு சின்ன ஊர். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு மழையும் பனிமூட்டமும் புதிதில்லை. "நம்ம ஊர் மாதிரியேதான்மா இருக்கு, தேயிலைதான் இல்லை" என்று வந்த புதிதில் அம்மாவிடம் போனில் சொல்வேன்.

இங்குள்ள சபையில் வருடத்தில் ஒரு மாதத்தைப் படைப்பைப் பேணுவதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தின் ஒரு பக்கம் தேனீக்களுக்காகப் புல் வெட்டுவதில்லை. அதற்கே சண்டை வந்தது. "என் மனைவி களைகளுக்கு நடுவிலா படுத்திருக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு ஒரு பெரியவர் சில வாரங்கள் ஆராதனைக்கு வரவில்லை. அப்புறம் வந்தார். அவர் மனைவியின் கல்லறையைச் சுற்றி மட்டும் புல் வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"உன் ஊர்ச் சபையில் இயற்கைக்காக என்ன செய்கிறீர்கள், சொல்லேன்" என்று கேட்டதால் எழுந்து போய் நின்றேன். பைசன் கோயிலுக்கு வந்த கதை என்று ஆரம்பித்தேன். நீலகிரியில் காட்டெருமையை எல்லோரும் பைசன் என்றுதான் சொல்வோம். அது தோட்டத்து ஆங்கிலம். முன்வரிசையில் ஒருவர், "அமெரிக்கப் படங்களில் வருமே, அதுவா?" என்று கேட்டார். இல்லை, இது வேறு, இது காட்டினுடைய பசு என்றேன். சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை, அன்பான சிரிப்புதான். அதன் உயரத்தையும் கொம்பையும் கையால் காட்டி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விட்டது. கைதட்டி டீ கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் மிரியம் சொன்னாள்: "அம்மா, நீ அந்தக் குழியைப் பத்தி சொல்லவே இல்ல."

ஆமாம், சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

அம்மா இறந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார்கள். டப்ளின் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதினேன், அழைத்தேன். உங்கள் கோரிக்கை வரிசையில் இருக்கிறது என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். அண்ணன் கையில் போன் நடுங்கியது. மழைத்துளியும் யாருடையதோ ஒரு குடையின் விளிம்பும் தெரிந்தன. அம்மா தெரியவில்லை.

அட்டை வந்த பிறகு, முதல் வருட நினைவு நாளுக்கு மிரியத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மிரியம் குன்னூரில் பிறந்தவள். அவள் அப்பா அயர்லாந்துக் குடியுரிமை வாங்கியதால் இப்போது அவளிடம் இருப்பது அயர்லாந்து பாஸ்போர்ட். பிறந்த ஊருக்குப் போக விசா வேண்டும். படிவத்தில், இதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததுண்டா என்ற கேள்விக்கு என்ன போடுவதென்று தெரியாமல் நிமிர்ந்தாள். "நான் அங்கதானே பொறந்தேன்? அது விசிட்டா?" என்றாள். 

இங்குள்ள சபையில் அவளுக்குத் திடப்படுத்தல் கொடுக்கும் வயது, தன் விசுவாசத்தைத் தானே எல்லோர் முன்னும் சொல்லும் சடங்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "எனக்கு இன்னும் நிச்சயமா தெரியலம்மா, தெரியாம எப்படி எல்லார் முன்னாடியும் சொல்றது?" என்று பொறுமையாகக் கேட்டாள். 

குன்னூரில் எங்கள் கோயில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது. ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கட்டடம். அதன் கீழே கல்லறைகள். கல்லறைகளுக்குக் கீழே, சபை நிலத்துக்குள்ளேயே, சோலைமரங்கள் கொஞ்சமும் ஓர் ஊற்றும் உண்டு. கோடையிலும் வற்றாது. தேயிலை ஃபேக்டரியிலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அந்த ஊற்றை ஒட்டிப் போகிறது. காட்டெருமைகள் தண்ணீர் குடிக்க வருவதும் அங்கேதான்.

நான் வெளிநாட்டில் இருந்த வருடங்களில் அந்தப் பாதை ஒரு உயிரை எடுத்திருந்தது. எங்கள் சபையில் இருக்கும், ஃபேக்டரியில் வேலை செய்யும் ஞானம்மாள் அக்காவின் கணவர் வேலை முடிந்து பொழுது சாயும் நேரத்தில் வந்துகொண்டிருந்தார். மூட்டத்தில் எதிரே நின்ற காட்டெருமையைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம், அதே இடத்தில் என் அண்ணன் சாமுவேலை முட்டித் தூக்கிப் போட்டது. விலா எலும்புகள் முறிந்தன. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது வலது காலை இழுத்து நடக்கிறார்.

அண்ணன்தான் சபைச் செயலாளர். ஊற்றையும் உள்ளே சேர்த்து நிலம் முழுவதும் மதில் கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது அவர்தான். தண்ணீர் இல்லையென்றால் மாடு இந்தப் பக்கம் வராது என்பது அவர் கணக்கு. பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அவர் மனைவி, எங்கள் ரூத் அண்ணி. அண்ணி கூட்டத்திலேயே எழுந்து எதிர்த்துப் பேசியிருக்கிறார். ஊற்றை அடைத்தால் தாகத்துக்கு லைனுக்குள் இறங்கும், அங்கே குழந்தைகள் விளையாடுகின்றன என்று சொல்லியிருக்கிறார். தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து வீட்டில் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நாங்கள் போய் இறங்கிய அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் என்னிடம், "அம்மிணி, கொழம்பு இன்னும் கொஞ்சம் வேணும்னு உங்க அண்ணிகிட்டச் சொல்லு" என்றார். அண்ணி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

கீழ் எல்லை முழுவதும் அஸ்திவாரக் குழி வெட்டி முடித்திருந்தார்கள். ஆள் நெஞ்சளவு ஆழம். மழை பிடித்துக்கொண்டதால் கட்டுமானம் நின்றிருந்தது.

3

நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று சபையில் சுற்றுச்சூழல் ஞாயிறும்கூட. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கொட்டாங்குச்சிகளில் நாவல் கன்றுகள் வளர்த்துக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தார்கள். போதகர் தென்காசிப் பக்கத்துக்காரர், மலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவின் பெயரைச் சொல்லி அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது கீழே மண் சரிகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு கதறல்.

ஜன்னலோரம் இருந்தவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்து பார்த்தேன். கல்லறைகளுக்கு அப்பால், வெட்டிய மண் குவியல்களின் நடுவே ஒரு காட்டெருமை நின்றது. தலையைத் தாழ்த்திக் குழிக்குள் பார்த்தது. ஊதுவது போல் ஒரு சீறல். குழிக்குள்ளிருந்து மறுபடி கதறல் வந்தது.

"கன்னுக்குட்டி உழுந்துருச்சுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் உடனே முன்கதவையும் பக்கக் கதவையும் சாத்தச் சொன்னார். போதகர் வனத்துறைக்கு அழைத்தார். வேறோர் இடத்தில் யானை இறங்கியிருக்கிறது, பாதிப் பேர் அங்கே போயிருக்கிறார்கள், யாரும் வெளியே வரவேண்டாம், முடிந்த அளவு சீக்கிரம் வருகிறோம் என்றார்கள்.

உள்ளே பயம் ஏற ஏற, பின்வரிசையில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். குரல் உயர்ந்தது. வெளியே மாடு சட்டென்று திரும்பிக் கோயிலைப் பார்த்தது.

அண்ணி நடுவில் வந்து இரண்டு கையையும் உயர்த்தினார். "பாடாதீங்க. சத்தம் கேட்டா அது இன்னும் மெரளும். கம்முனு இருங்க, மனசுக்குள்ள ஜெபம் பண்ணுங்க."

பாட்டு நின்றது. இத்தனை பேர் சேர்ந்து இப்படிச் சத்தமில்லாமல் இருந்ததை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. ஓட்டின் மேல் மழை மட்டும் கேட்டது.

ஆனால் மேலே ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பைக்கில் வந்தவர்கள், சுற்றுலாக்காரர்கள். எல்லோர் கையிலும் போன். விரட்டுகிறேன் என்று எவனோ ஒரு வெடியைக் கொளுத்திக் கீழே எறிந்தான். அது கல்லறைகளுக்குப் பக்கத்தில் வெடித்தது. தாய் மாடு பாய்ந்து வந்தது. சிமென்ட் சிலுவை ஒன்று சாய்ந்தது. வாசலில் நின்ற போதகரின் ஸ்கூட்டரைக் கொம்பில் தள்ளிச் சுவரோடு மோதியது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். மிரியம் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

கன்று மறுபடி கதறியது. மாடு திரும்பி ஓடியது.

"குழியில தண்ணி ஏறுது" என்றார் அண்ணி. சரிவில் இறங்கிய மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் குழியில்தான் போய் விழுந்தது. கன்றின் முதுகு தெரிந்தது, அப்புறம் தலை மட்டும். "யாராச்சும் ஏதாச்சும் பண்ணோணும்."

"என்னத்தப் பண்றது?" அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. நாள்கணக்கில் பேசாதவர்கள் சபை நடுவில் பேசினார்கள். "என்ற இடுப்ப ஒடச்சது இதோட சாதிதான். ஞானம்மா ஊட்டுக்காரரக் கொன்னது இதோட சாதிதான்."

"அது முட்டுச்சு, இல்லைங்கல. குழியில கெடக்கறது கன்னுக்குட்டிங்க."

ஞானம்மாள் அக்கா மூன்றாவது பெஞ்சில் இருந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஓய்வுநாளில் குழியில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று வேதத்தில் இயேசு கேட்ட கேள்வி, கொட்டாங்குச்சியோடு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கேள்விதான். அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, போதகர் உட்பட.

4

வனத்துறையிலிருந்து இரண்டே பேர் வந்தார்கள். முதலில் ரோட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். பிறகு மேல்பக்கமாகச் சுற்றி வந்து பக்கக் கதவைத் தட்டினார்கள். அவர்களில் மூத்தவர் சுருக்கமாகச் சொன்னார்: "குழியோட அந்தக் கடைசியில மண்ணு எளகியிருக்கு. அங்க வெட்டிச் சரிவு பண்ணுனா கன்னு தானா ஏறிரும். தாய் இப்ப தேயிலைக்குள்ள நிக்குது. மண்வெட்டி, கடப்பாரை ஏதாச்சும் இருக்குங்களா?"

கான்ட்ராக்டரின் சாமான்கள் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் பூட்டிக் கிடந்தன. சாவி செயலாளரிடம்.

"சாவியக் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார் வனக்காவலர்.

அண்ணன் சாவியை எடுத்தார். கொடுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குழியைப் பார்த்தார். "ரெண்டு பேரு வெட்டி முடிக்கறதுக்குள்ள தண்ணி மூடிரும். நானும் வாரேன்."

அதுவரை யாராவது போகவேண்டும் என்று துடித்த அண்ணி, ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வேண்டாமுங்க. உங்களால ஓட முடியாது. வேற யாராச்சும் போகட்டும்."

"வேற யாரு போவா ரூத்து? கையெழுத்துப் போட்டுக் குழி வெட்டச் சொன்னவன் நானு."

அண்ணி கையை எடுத்தார். பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் எழுந்து அண்ணனோடு போனார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழையில் ஐந்து பேர் குனிந்து வெட்டினார்கள். மூத்த காவலர் மட்டும் அடிக்கடி நிமிர்ந்து தேயிலைப் பக்கம் பார்த்தார். மண் சேறாகச் சரிந்தது. பாதிச் சரிவு ஆனபோது தேயிலைச் செடிகள் அசைந்தன. தாய் மாடு வெளியே வந்து நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. அண்ணனுக்கும் அதற்கும் நடுவில் சில கல்லறைகள்தான் இருந்தன. அதில் ஒன்று அம்மாவுடையது.

காவலர் கையைத் தாழ்த்திச் சைகை காட்டினார். ஐவரும் அப்படியே நின்றார்கள். அண்ணன் இடுப்பளவு குழியில், மண்வெட்டியைப் பாதி தூக்கியபடி. மழை அவர் முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. மாடு தலையை ஒருபக்கம் சாய்த்து, மெதுவாக இரண்டு எட்டு வைத்தது. அண்ணி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அம்மாவின் அடக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன், இதையும் பார்க்கத்தான் வந்தேனா என்று நினைத்தது நினைவிருக்கிறது.

கன்று கத்தியது. மாடு அந்தப் பக்கம் திரும்பியது. குழியின் மறுமுனைக்குப் போய் உள்ளே முகர்ந்தது.

காவலர் மறுபடி சைகை காட்டினார். கடைசி மண்ணைச் சத்தமில்லாமல் கையாலேயே இழுத்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தூக்கி, அண்ணனை நடுவில் வைத்து, பின்னாலேயே நடந்து கோயில் சுவருக்கு வந்தார்கள். கன்று சரிவில் ஏறியது, சறுக்கியது, முழங்காலில் விழுந்தது, மறுபடி ஏறியது. வெளியே வந்ததும் உடம்பை உதறிக்கொண்டது. தாய் அதை நக்கியது. இரண்டும் சோலைக்குள் போய்விட்டன.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. சிலர் அழுதார்கள்.

அண்ணன் சேற்றோடு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மிரியம் வாங்கி அவர் வாயருகே பிடித்தாள். "மாமா, ரொம்ப ஸ்கேர்டா... பயமா இருந்துச்சா?"

"பயமா? கால் என்னோடதுன்னே தெரியல சாமி" என்றார் அண்ணன். அப்புறம்தான் அழுதார்.

5

மறுநாளிலிருந்து அண்ணன் வனத்துறை அலுவலகத்துக்கு நடந்தார். குழி வெட்ட யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், நில வரைபடம் எங்கே, விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். மரப் பெஞ்சில் காத்திருந்தபோது அட்டைக்காக நான் காத்திருந்த டப்ளின் அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது. இங்கே குறைந்தபட்சம் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்து, "சாப்ட்டுட்டு வாங்க, ஐயா வர லேட்டாகும்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். அதற்கு அடுத்த நாள் எனக்கு விமானம்.

அண்ணன் எழுந்தார். "குழிய மூடிரலாமுங்க. ஊத்தை அதுகளுக்கு உட்ருவோம். கோயிலோட மேல் கேட்டைத் தெறந்து வெச்சா, ஃபேக்டரியில இருந்து வாரவங்க நம்ம நெலத்துக்குள்ளயே மேல நடந்து லைனுக்குப் போயிக்கலாம். சுத்துதான். ஆனா ஊத்துப் பக்கம் போக வேண்டியதில்ல."

"அப்ப நீங்களே போட்ட தீர்மானம்?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் போட்டதுதானுங்க. நானே எடுத்துக்கறேன்."

காரசாரமாகப் பேசினார்கள். மிருகத்துக்குக் கொடுக்க சபை நிலமா என்றார் ஒருவர். படைத்தவர் அதற்கும் சேர்த்துத்தான் தண்ணீர் வைத்திருக்கிறார் என்றார் இன்னொருவர். கடைசியில் ஞானம்மாள் அக்கா எழுந்தார். சத்தம் அடங்கியது.

"எனக்குச் செவுரு வேணுமுங்க" என்றார். "கன்னு பொழச்சது எனக்கும் சந்தோசம்தான். நான் அன்னைக்கு அதுக்காகவும் ஜெபம் பண்ணுனேன். ஆனா எனக்குச் செவுரு வேணும்."

உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னார்கள். அண்ணன் பக்கம் கொஞ்சம் கூடுதல். குழியை மூடுவதென்று முடிவானது. போதகர் முடிவு ஜெபத்துக்கு எழுந்தபோது அக்காவும் மறுபடி எழுந்தார்.

"சரிங்க. நீங்கெல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க, நான் ஒத்துக்கறேன். மேல் வழியும் இருட்டுதான். மூட்டத்துல அது அங்கயும் வரும். நான் ஷிப்ட்டு முடிஞ்சு வாரப்ப எனக்குத் தொணையா யார் வருவீங்க? பேரச் சொல்லுங்க. நான் கேட்டுட்டுப் போறேன்."

நாவல் கன்றுகள் பலிபீடத்துக்கு முன்னால் அப்படியே இருந்தன. மழையால் இன்னும் நடவில்லை. கை தூக்கியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் பெஞ்சைப் பிடித்து எழுந்தார். "திங்கக்கெழம நான் வாரேனுங்க்கா. சாமுவேலுன்னு எழுதிக்குங்க."

"ஓட முடியாத ஆளு" என்றார் அக்கா.

"லைட்டுப் புடிக்க முடியுமுங்க்கா."

"செவ்வாய்க்கெழம ரூத்து" என்றார் அண்ணி. அதற்கப்புறம் பாடகர் குழுப் பையன்கள், போதகர், பின்வரிசையில் ஒருவர். மதிலுக்குக் கை தூக்கியவர்களும் பெயர் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஞானம்மாள் அக்கா தலையை அசைத்தார்.

மிரியம் என் காதருகே வந்தாள். "அம்மா, எதுக்கு எல்லாரும் பேர் சொல்றாங்க?"

சொன்னேன்.

"நாம சொல்ல முடியாது, இல்ல?"

"முடியாதும்மா."

குழந்தையிலிருந்து நான் உட்கார்ந்த பெஞ்சு அது. ஞானஸ்நானம் பெற்றதும் கல்யாணம் செய்ததும் அந்தக் கோயிலில்தான். அந்தக் கூட்டத்தில் சொல்வதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் நானும் என் மகளும் உட்கார்ந்திருந்தோம்.

6

இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை வரும்போது அங்கே பொழுது சாய்கிற நேரம். செவ்வாய்க்கிழமைகளில் அண்ணியை வீடியோவில் கூப்பிடுவேன். குழியை மூடிவிட்டார்கள், நாவல் கன்றுகளை அந்த வரிசையிலேயே நட்டிருக்கிறார்கள், பாதியைக் காட்டெருமையே மேய்ந்துவிட்டது. பிள்ளைகள் மறுபடி கொட்டாங்குச்சி பொறுக்குகிறார்கள். அண்ணனும் அண்ணியும் பேசிக்கொள்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள்.

நேற்றும் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மழை, மூட்டம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது என்றார் அண்ணி. திடீரென்று, "அய்யோ, நேரமாயிருச்சு, அக்கா காத்துட்டிருப்பாங்க. வெச்சிராத அம்மிணி, வந்தர்றேன்" என்று போனை மேசையில் வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். அண்ணன் கோவைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வீட்டில் யாருமில்லை.

போனில் கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. மழை கேட்டது. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஒருமுறை தூரத்தில் ஏதோ சீறியது போலிருந்தது, வண்டியாகவும் இருக்கலாம். இடைவேளை முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். உடன் வேலை செய்பவள் கதவருகில் நின்று, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். ஒரு நிமிடம் என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியவில்லை, அவள் புரியாமல் பார்த்தாள்.

கூரை இருட்டிக்கொண்டே வந்தது. பிறகு தகரமும் தெரியவில்லை. மழை மட்டும்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஈரச் செருப்பு உதறும் சத்தம். இரண்டு பெண் குரல்கள், ஒன்று ஞானம்மாள் அக்காவுடையது. நனைந்த தலையைத் துவட்டச் சொல்லி அண்ணியை அதட்டியது.

"அம்மிணி," என்று அண்ணி கூப்பிட்டார், "இன்னும் இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி."